காணாமற்போனவரும் ஏழாண்டுக் கணக்கும்

ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய விவகாரங்களை எப்படித் தீர்ப்பதென்று எல்லா நாட்டுச் சட்டங்களுக்கும் தெரியும். சொத்து பிள்ளைகளுக்குப் போகிறது. மனைவி விதவையாகிறாள். கடன் கொடுத்தவர் தமது பங்கைக் கேட்டு வருகிறார். உயிரோடிருப்பவர் விடயத்திலும் குழப்பமில்லை. அவர் கையொப்பம் வைப்பார், வழக்காடுவார், வரி கட்டுவார். இந்த இரண்டு வகையிலும் சேராத ஒருவர் இருக்கிறார். காலையில் வீட்டை விட்டுப் போனவர், மாலையில் வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. அவர் சட்டத்தின் முன்னால் யார்?

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் "காணாமற்போனோர்" என்ற சொல்லைத் தலைப்பில் எத்தனை தடவை இட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் என்ன பொருள், அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தபோதுதான் ஒரு நீண்ட வரலாறு பின்னால் கிடப்பது தெரிந்தது. அது ஒரு வழியில் வந்த வரலாறு அல்ல. ஆங்கிலப் பொதுச் சட்டம் ஒரு வழியிலும், பிரான்ஸ், ஜேர்மனி போன்ற ஐரோப்பியக் கண்டத்து நாடுகளின் சட்டக்கோவைகள் வேறொரு வழியிலும், இஸ்லாமிய, இந்துச் சட்ட மரபுகள் தத்தம் வழியிலும் இதே கேள்விக்கு விடை தேடியிருக்கின்றன. இலங்கைத் தமிழருக்கு இது வெறும் ஒப்பாய்வு அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பழைய ரோமாபுரியில் இந்தக் கேள்வி போர்க்கைதி வடிவில் எழுந்தது. எதிரியிடம் பிடிபட்ட ரோமக் குடிமகன் சட்டப்படி அடிமையாகிவிடுகிறான். அடிமைக்குச் சொத்துமில்லை, உயிலுமில்லை. அப்படியாயின் அவன் எழுதி வைத்த உயில் என்னாவது? கி.மு. முதலாம் நூற்றாண்டில், சுல்லாவின் காலத்தில், கொர்னேலியச் சட்டம் ஒரு கற்பனையைப் புகுத்தியது. கைதி திரும்பாமல் அங்கேயே இறந்தால், அவன் பிடிபட்ட அந்தக் கணத்திலேயே, சுதந்திரக் குடிமகனாகவே, இறந்துவிட்டதாகக் கொள்ளப்படும். உயில் பிழைத்துக்கொள்ளும். மாறாக அவன் எல்லையைத் தாண்டி மீண்டு வந்தால், பிடிபடவே இல்லை என்பதுபோல் உரிமைகள் எல்லாம் அவனிடம் திரும்பும். ஆனால் மனைவி திரும்ப மாட்டாள். திருமணம் கைதானபோதே அறுந்துவிட்டது என்பது அவர்கள் கண்ட முடிவு. சொத்து காத்திருக்கும், திருமணம் காத்திராது.

கிறிஸ்தவத் திருச்சபை இதைத் தலைகீழாக்கியது. திருமணம் மரணத்தால் மட்டுமே முடிவடையும் என்றபின், காணாமற்போனவனின் மனைவிக்கு மரணச் செய்தி உறுதியாகக் கிடைத்தாக வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசர் மூன்றாம் கிளெமெந்து இதைத் தெளிவாகவே விதித்தார். எத்தனை ஆண்டு கழிந்தாலும், பெண் எவ்வளவு இளையவளாயினும், நிச்சயமான செய்தி வராதவரை மறுமணம் இல்லை.

இந்த விதியின் கொடுமை எப்படிப்பட்டது என்பதற்குத் தென் பிரான்சின் ஆர்திகா என்ற கிராமம் சாட்சி. 1548 இல் மார்த்தன் கேர் என்ற விவசாயி தன் இளம் மனைவியையும் மகனையும் விட்டுப் போனான். எட்டு ஆண்டு செய்தியில்லை. மனைவி விதவையுமல்லள், சுமங்கலி என்று சொல்லவும் வழியில்லை. 1556 இல் ஒருவன் வந்து "நானே மார்த்தன்" என்றான். ஊர் ஏற்றது, மனைவியும் ஏற்றாள். பிள்ளைகளும் பிறந்தன. பிறகு சொத்துத் தகராறில் வழக்கு எழுந்து, 1560 இல் துலூஸ் நீதிமன்றம் அவனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கும் நிலையில் இருந்தபோது மரக்காலுடன் உண்மையான மார்த்தன் உள்ளே வந்தான். வேடதாரி ஆர்னோ து தில் தூக்கிலிடப்பட்டான். வழக்கை விசாரித்த நீதிபதி ஜான் து கோராஸ் அடுத்த ஆண்டே அதைப் பற்றி நூல் எழுதி வெளியிட்டார். மனைவிக்கு உண்மை முதலிலேயே தெரியுமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், எந்த வாசலும் திறக்காத ஒரு சட்டத்துக்குள் அடைபட்டிருந்த பெண் தானாக வந்து திறந்த ஒரு வாசலை ஏன் சாத்தவில்லை என்று கேட்பதில் நியாயமில்லை.

இனி இங்கிலாந்து. ஏழு ஆண்டு என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்தது. அது எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

1604 இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் பாராளுமன்றம் இருதார மணத்தை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதே சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. கணவனோ மனைவியோ ஏழு ஆண்டுகள் கடல் கடந்து இருந்தால், அல்லது நாட்டுக்குள்ளேயே ஏழு ஆண்டுகள் உயிரோடிருப்பதாகத் தெரியாமல் பிரிந்திருந்தால், மறுமணம் செய்தவருக்குத் தண்டனை இல்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த இரண்டாம் திருமணம் செல்லும் என்று சட்டம் சொல்லவில்லை. தூக்கிலிட மாட்டோம் என்று மட்டுமே சொன்னது.

இரண்டாவது சட்டம் 1666 இல் வந்தது. அது கணவன் மனைவியைப் பற்றியதே அல்ல, நிலவுடைமையாளரைப் பற்றியது. அக்காலத்தில் இங்கிலாந்தில் ஒருவருடைய ஆயுட்காலம் வரை நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. பெயர் குறிப்பிடப்பட்டவர் உயிரோடிருக்கும்வரை குத்தகை நிலைக்கும். அவர் கடல் கடந்து போய்விட்டால் இருக்கிறாரா இறந்தாரா என்று யாருக்குத் தெரியும்? குத்தகைக்காரர் நிலத்தை விட மாட்டார். உரிமையாளர் மரணத்தை நிரூபிக்க முடியாது. ஏழு ஆண்டு ஆள் இல்லாவிட்டால், உயிரோடிருப்பதற்குச் சான்று காட்டப்படாதவிடத்து, இறந்தவராகக் கொள்க என்று பாராளுமன்றம் உரிமையாளரைக் காப்பாற்றியது.

இந்த இரு சட்டங்களுக்கும் இடையில் பொதுவான கொள்கை எதுவுமில்லை, ஏழு என்ற எண்ணைத் தவிர. 1805 இல் எலன்பரோ பிரபு ஒரு காணி வழக்கில் இவற்றை உவமையாகக் காட்டி, ஏழு ஆண்டு செய்தியற்றவர் இறந்தவர் என்று ஊகிப்பது நியாயமே என்றார். அதிலிருந்து அது பொதுச் சட்டத்தின் விதியாயிற்று. ஆங்கிலச் சட்டம் வளரும் முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. யாரும் உட்கார்ந்து, காணாமற்போனவரை என்ன செய்வோம் என்று யோசிக்கவில்லை. ஒரு குற்றவியல் விலக்கும் ஒரு குத்தகைச் சட்டமும் ஒரு நீதிபதியின் ஒப்புமையும் சேர்ந்து விதியாகிவிட்டன.

அந்த விதியின் தன்மையும் அதன் பிறப்பைப் போலவே இருந்தது. அது சான்றியல் விதி மட்டுமே. ஒரு குறிப்பிட்ட வழக்கில், குறிப்பிட்ட இரு தரப்பாருக்கிடையில், "இவர் இறந்தவர் என்று கொள்க" என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அவர் எப்போது இறந்தார் என்பதைக்கூட அது சொல்லாது. 1837 இல் தீர்ந்த நெப்பியன் வழக்கு அதை உறுதிப்படுத்தியது: ஏழாண்டு முடிவில் இறந்தவர் என்று ஊகிக்கலாம்; எந்த நாளில் என்று யாருக்குத் தெரிய வேண்டுமோ அவரே நிரூபிக்க வேண்டும். ஏழு ஆண்டு முடியும்வரை சட்டத்துக்குச் சொல்ல எதுவுமில்லை. அதுவரை சொத்தைப் பார்ப்பது யார், பிள்ளைகளுக்குப் பொறுப்பு யார், வங்கியில் கிடக்கும் பணத்தை எடுப்பது யார்? பொதுச் சட்டம் மௌனம். இருக்கிறார் அல்லது இறந்தார், நடுவில் ஒன்றுமில்லை.

காத்திருக்க மறுத்த ஒரு தாயையும் இங்கே நினைக்க வேண்டும். 1854 இல் தென்னமெரிக்கக் கரையிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று மூழ்கியது. அதில் பயணம் செய்த ரோஜர் டிச்போர்ன் என்ற செல்வந்தக் குடும்பத்து வாரிசு இறந்தவராகக் கொள்ளப்பட்டார். தாய் ஒப்பவில்லை. அவுஸ்திரேலியப் பத்திரிகைகள் வரை விளம்பரம் கொடுத்தார். 1866 இல் வாகா வாகா என்ற ஊரிலிருந்து ஓர் இறைச்சிக் கடைக்காரர் "நானே மகன்" என்று வந்தார். தாய் அவரைக் கண்டு மகன் என்றே ஏற்றார். தாய் இறந்தபின் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. குற்றவியல் வழக்கு மட்டும் 188 நாட்கள் நீடித்து, 1874 இல் அவருக்குப் பதினான்கு ஆண்டுச் சிறையில் முடிந்தது. பத்திரிகை விளம்பரம் எங்கெல்லாம் கொண்டு சேர்க்கும் என்பதற்கு எங்கள் தொழிலில் இருப்பவர்கள் படிக்க வேண்டிய வழக்கு அது.

ஐரோப்பியக் கண்டத்துச் சட்டம் வேறு பாதையில் போயிற்று. பழைய உரோமச் சட்ட அறிஞர்கள் மனித ஆயுளின் எல்லை நூறு ஆண்டு என்று வைத்துக்கொண்டு, பிறந்து நூறாண்டு ஆகாதவரை உயிரோடிருப்பவர் என்றே ஊகித்தனர். ஜேர்மன் நாடுகள் சிலவற்றில் வேதாகமச் சங்கீதத்தை ஒட்டி எழுபது போதும் என்றார்கள். நெப்போலியனின் 1804 ஆம் ஆண்டுச் சட்டக்கோவை இந்த ஊகங்களை ஒதுக்கிவிட்டு, "இல்லாதோர்" என்று தனித் தலைப்பே ஒன்றை வகுத்தது. இருப்பவர், இறந்தவர் என்ற இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நிலை.

அதன் நடைமுறையைப் பார்த்தால் பிரெஞ்சுக்காரரின் மனப்பாங்கு விளங்கும். முதலில் "இல்லாதவர் என ஊகிக்கப்படுபவர்." நீதிமன்றம் அவருடைய சொத்தைக் காக்க ஏற்பாடு செய்யும். நான்கு ஆண்டு செய்தியில்லாவிட்டால், அல்லது முகவர் ஒருவரை நியமித்துவிட்டுப் போயிருந்தால் பத்து ஆண்டு கழித்து, இல்லாதவர் என்று பிரகடனம் செய்யுமாறு கேட்கலாம். உடனே கிடையாது. விசாரணை நடத்த வேண்டும். நீதி அமைச்சர் அதைப் பகிரங்கப்படுத்த வேண்டும். விசாரணைக்கு ஆணையிட்டு ஓராண்டு கழிந்த பின்னரே தீர்ப்பு. அதன்பின் வாரிசுகள் பிணை கொடுத்து, சொத்தைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்கலாம். விற்க முடியாது. போனவர் பதினைந்து ஆண்டுக்குள் திரும்பினால் வருமானத்தில் ஐந்திலொரு பங்கை அவரிடம் கொடுக்க வேண்டும். அதற்குப்பின் வந்தால் பத்திலொன்று. முப்பது ஆண்டு கழிந்தால் வருமானம் முழுவதும் வாரிசுகளுக்கே. அப்போதும்கூட அவர் வந்து நின்றால் சொத்து எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் அவருக்கே.

வாசகர்கள் கவனித்திருப்பார்கள், இவ்வளவும் சொத்தைப் பற்றியது. மனைவியைப் பற்றிக் கேட்டால், பழைய திருச்சபை விதியின் நிழல் அப்படியே நின்றது. எத்தனை ஆண்டு இல்லாமையும் திருமணத்தை முறிக்கவில்லை. 1977 டிசம்பர் 28 ஆம் திகதிய சட்டம் வரும்வரை நிலை அதுதான். அந்தச் சட்டத்தின்படி நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பிலிருந்து பத்து ஆண்டு கழித்து, அப்படியொரு தீர்ப்புப் பெறாவிட்டால் இருபது ஆண்டு கழித்து, மரணத்துக்கு ஒப்பான பிரகடனம் செய்யலாம். திருமணமும் முடிவடையும். போனவர் திரும்பி வந்தாலும் முடிந்தது முடிந்ததே. ரோமாபுரிக்கு இரண்டாயிரம் ஆண்டு சுற்றி வந்து சேர்ந்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

போர் வந்தால் இந்தப் பொறுமையான நடைமுறைகள் தாங்கமாட்டா. நெப்போலியனின் போர்களில் திரும்பாத படைவீரருக்காக 1817 இல் பிரான்ஸ் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஜேர்மனி 1939 ஜூலையில், போர் தொடங்க இரண்டு மாதம் இருக்கையில், காணாமற்போனோர் சட்டத்தை நிறைவேற்றியது. பொதுவாகப் பத்து ஆண்டு, கப்பல் மூழ்கினால் ஆறு மாதம், விமான விபத்தாயின் மூன்று மாதம் என்று அது தவணைகளை அடுக்கியது. அந்த மாதத்தில் அந்த அரசு அதைச் செய்ததை நல்லெண்ணம் என்று கொள்வது கடினம்.

இஸ்லாமியச் சட்டத்தில் காணாமற்போனவரை மப்கூத் என்பர். ஹனபி மரபு அவருடைய சமவயதினர் எல்லாரும் இறந்து போகும்வரை அவர் உயிரோடிருப்பதாகவே கொள்ளும். மாலிக்கி மரபு, கலீபா உமரின் தீர்ப்பாகச் சொல்லப்படுவதைப் பின்பற்றி, நான்கு ஆண்டும் அதன்பின் விதவைக்குரிய நான்கு மாதம் பத்து நாள் இத்தாவும் போதும் என்றது. ஹனபி மரபே ஓங்கியிருந்த இந்தியாவில் பெண்கள் பட்ட துன்பத்தைக் கண்ட உலமாக்களே மாலிக்கி விதியை எடுத்தாள முன்வந்தார்கள். 1939 ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் நான்கு ஆண்டு என்று இடம்பெற்றது அதன் விளைவு. காஷ்மீரில் "அரை விதவைகள்" என்று பெயர் பெற்றுவிட்ட பெண்களின் விடயத்தில் 2013 டிசம்பரில் ஸ்ரீநகரில் கூடிய உலமாக்களும் நான்கு ஆண்டையே மீண்டும் உறுதிப்படுத்தினர். தன் மரபில் வழியில்லாதபோது பக்கத்து மரபிலிருந்து கடன் வாங்க மதச் சட்டத்தால் முடிந்திருக்கிறது. ஆங்கிலச் சட்டவாதிகள் பொதுவாக ஒப்புக்கொள்ளாத நெகிழ்ச்சி இது.

இந்துத் தர்மநூல்களில் நாரதர் கணவன் தொலைந்துபோனால் மனைவி காத்திருக்க வேண்டிய காலத்தைச் சாதிவாரியாக வகுத்தார். பிராமணப் பெண்ணுக்கு எட்டு ஆண்டு, பிள்ளை இல்லையேல் நான்கு. பிற்காலத்தில் அதெல்லாம் வழக்கொழிந்து, பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்யும் வழக்கமே நின்றது. அதையும் 1872 இன் இந்தியச் சான்றுச் சட்டம் ஒதுக்கிவிட்டது. அதை வரைந்தவர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற ஆங்கிலச் சட்ட அறிஞர். 108 ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வந்து உட்கார்ந்தது.

இலங்கை அதையே 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டமாக, பிரிவு இலக்கம்கூட மாறாமல் எடுத்துக்கொண்டது. இந்தத் தீவின் பொதுவான சட்டம் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டம். அதில் இத்தனை ஆண்டு என்ற நிலையான தவணை கிடையாது. வயது, போன காரணம், இருந்த ஆபத்து எல்லாவற்றையும் எடைபோட்டு நீதிபதி தீர்மானிக்க வேண்டும் என்பதே அதன் போக்கு. அதே சட்டத்தைப் பெற்ற தென்னாபிரிக்காவின் நீதிமன்றங்கள் அந்த வழியிலேயே நடந்தன. நமக்கு அதன்மேல் ஏழு வந்து படிந்தது. சுருங்கச் சொன்னால், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில நிலவுடைமையாளரின் குத்தகைப் பிரச்சினைக்குக் கண்ட தீர்வு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் முல்லைத்தீவுத் தாய்மாரின் தலையில் வந்து இறங்கியது.

அதோடு யாழ்ப்பாணத்தாருக்கு இன்னொரு முடிச்சு. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை, சீதனமாக வந்ததாயினும், கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி உயிரோடிருக்கையில் பராதீனப்படுத்த முடியாது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படி விதித்தது. கணவன் காணாமற்போனால்?

போர் முடிந்து மூன்று ஆண்டு கழித்து, கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். நாற்பது வயதிருக்கும். 2009 மே மாதத்துக்குப்பின் கணவரைப் பற்றிச் செய்தியில்லை. மூத்த மகளின் திருமணத்துக்காகச் சீதனக் காணியில் ஒரு பகுதியை விற்க வேண்டும். உறுதி முடிக்கப் போன இடத்தில் நொத்தாரிசு மறுத்துவிட்டார். அந்தப் பெண் சொன்னதை அன்றே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். "கையெழுத்துப் போட ஆளைக் கொண்டு வாங்கோ, இல்லாட்டி மரணச் சான்றிதழைக் கொண்டு வாங்கோ எண்டு சொல்லுறார் ஐயா. ஆளைக் கொண்டுவரச் சொல்லித்தானே நானும் எல்லாரிட்டையும் கேட்டுக்கொண்டு திரியிறன்."

உண்மையில் அந்தக் கட்டளைச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. கணவனின் இருப்பிடம் தெரியாவிட்டால் அவனுடைய சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாம். அவருக்கு அது தெரியவில்லை, நொத்தாரிசும் சொல்லவில்லை. ஒரு சட்டத்தரணி நண்பரிடம் அனுப்பி வைத்தேன். காணி பின்னர் விற்கப்பட்டது. அந்த அளவில் பழைய யாழ்ப்பாணச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தைவிட இரக்கமுள்ளதாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கணவன் இறந்தான் என்று சொல்லும்படி அது அவரைக் கேட்கவில்லை.

மரணச் சான்றிதழ்தான் சிக்கல். தெற்கில் 1987 முதல் 1989 வரையான காலத்தில் காணாமற்போன சிங்கள இளைஞர்களின் குடும்பங்களும் இதையே எதிர்கொண்டன. அவர்களுக்காக 1995 இல் மரணப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் வந்தது. சுனாமிக்குப் பின் 2005 இல் அதற்கென ஒரு சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கடல் கொண்டுபோனதைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கையில் ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்வது அபத்தம். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் ஓராண்டுக்கு மேல் செய்தியற்றவரின் மரணத்தைப் பதிவு செய்ய வழி செய்தபோது, சட்டநூலில் அதே வசதிதான் நீட்டப்பட்டதுபோல் தோன்றியது. ஆனால் வன்னித் தாய்மாருக்கு அது வசதியாகத் தெரியவில்லை. சுனாமியில் கொண்டுபோனது அலை. இங்கே, பேருந்தில் ஏற்றியதைத் தாங்களே கண்டதாக அவர்கள் சொல்கிறார்கள். ஏற்றியவர்களே "இறந்தார்" என்று எழுதித் தரும் தாளில் கையொப்பமிடுவது எப்படி?

இந்தக் கேள்வியை இலங்கைக்கு முன்பே கேட்டவர்கள் ஆர்ஜென்டீனாவின் தாய்மார். 1976 இல் ஆட்சியைப் பிடித்த இராணுவம் ஆயிரக்கணக்கானோரைக் காணாமலாக்கியது. 1977 ஏப்ரல் 30 முதல் தாய்மார் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடத் தொடங்கினர். 1979 செப்டம்பரில் இராணுவ ஆட்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1974 நவம்பருக்குப்பின் காணாமற்போனவரை இறந்தவர் என்று விரைவாக அறிவிக்கலாம், அரசாங்கமே அதற்கு விண்ணப்பிக்கலாம். சொத்துரிமை தீரும், ஓய்வூதியம் கிடைக்கும். தாய்மார் நிராகரித்தனர். கொன்றவன் கையால் மரணச் சான்றிதழ் வாங்குவதில்லை என்பதே அவர்களின் நிலைப்பாடு.

ஆட்சி மாறி, 1984 இல் விசாரணை ஆணைக்குழு 8,960 பேரின் பட்டியலை வெளியிட்டது. அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1994 இல், 24,321 ஆம் இலக்கச் சட்டம் ஒரு புதிய சொற்றொடரைச் சட்டத்தில் சேர்த்தது: "வலிந்து காணாமலாக்கப்பட்டமையால் இல்லாதவர்". குடியியல் விளைவுகள் மரண ஊகத்துக்கு ஒப்பானவை. சொத்து, திருமணம் எல்லாம் தீர்க்கப்படும். ஆனால் இறந்தார் என்று எந்த இடத்திலும் எழுதப்படாது. காணாமலாக்கப்பட்டார் என்பதே பதிவு. நெப்போலியனின் சட்டக்கோவை கண்ட மூன்றாவது நிலை அவர்களுக்குக் கையில் இருந்தது. இல்லாமை என்ற அந்தப் பழைய பாத்திரத்தில் ஒரு புதிய குற்றத்தின் பெயரை ஊற்றினார்கள். ஏழாண்டு ஊகத்தை மட்டும் வைத்திருந்த ஒரு பொதுச் சட்ட நாடு இதைத் தானாகக் கண்டுபிடித்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. இங்கிலாந்துகூடக் காணாமற்போனவரின் சொத்துக்குப் பாதுகாவலரை நியமிக்க வழி செய்தது 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். அது நடைமுறைக்கு வந்தது 2019 இல்.

2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய காணாமலாக்குதலுக்கு எதிரான சமவாயத்தின் 24 ஆம் உறுப்புரையும் இதே திசையில், கதி தெரியாதோரின் சட்ட நிலையை, குடும்ப, சொத்து, நலன்புரி உரிமைகளோடு சீர்செய்யுமாறு நாடுகளைக் கேட்கிறது. இலங்கை 2016 மே மாதம் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் "காணப்படாமைச் சான்றிதழ்" என்பதைக் கொண்டுவந்தது. மரணச் சான்றிதழ் வேண்டாதவர் அதைப் பெற்று, சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்கலாம், நலன்புரிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம், பிள்ளைகளின் பாதுகாவலராகலாம். ஆங்கிலச் சான்றியல் மரபில் நூற்றிருபது ஆண்டு கிடந்த ஒரு நாட்டில் கண்டத்து மரபின் "இல்லாதவர்" முதல்முறையாகக் கால் வைத்தார். இது நல்ல சட்டமென்றே நான் கருதுகிறேன். தமிழ்ப் பத்திரிகைகள் இதற்கு உரிய இடம் கொடுக்கவில்லை என்பதும் என் கருத்து.

குறை இல்லாமலில்லை. அந்தச் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லுபடியாகும். பின் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அலுவலகத்தில் போய், இன்னும் வரவில்லை என்று ஒரு தாய் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆர்ஜென்டீனாவின் சொற்றொடரில் இருந்த குற்றத்தின் பெயரும் இதில் இல்லை. 1990 முதல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்திடம் மட்டும் 16,000 இற்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அவர்களில் வடகிழக்குத் தமிழர் மட்டுமல்ல, படையினரும் உள்ளனர். அவர்களுடைய மனைவியரும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் உறவினர்கள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். சில நாட்களில் வவுனியாவிலும் தொடங்கியது. 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர், விசாரணைக்குப்பின் மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். 2022 இல் குடும்பமொன்றுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் போராடிய தாய்மார் பணத்தை ஏற்க மறுத்து, விசாரணையைக் கேட்டார்கள். அந்தப் பந்தலில் இருந்த முதியவர்கள் பலர் இன்று உயிரோடில்லை. அவர்களுக்கான மரணச் சான்றிதழ்கள் எந்தத் தாமதமும் இன்றிப் பிரதேச செயலகத்தில் வழங்கப்பட்டன.